கிங் கிரிம்சனை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் 1969-இல் தொடங்கி வருட வரிசையில்தான் போவார்கள். நானும் அப்படிப் போய், இரண்டு முறை 1971-ஐத் தாண்ட முடியாமல் விட்டுவிட்டேன். வரிசை வேண்டாம். இந்தக் குழு உடைந்த இடங்களாகப் பார்த்து மூன்று ஆல்பம் கேட்டால் போதும்.

முதலில் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'. 1969 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசித்தவர்கள், அக்டோபரில் இதை வெளியிட்டார்கள். டிசம்பரிலேயே இரண்டு பேர் விலகிவிட்டார்கள். முதல் பாட்டின் நடுவில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும். அந்த இடத்தை மட்டும் நான்கைந்து தடவை கேளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் பிடித்துவிடும்.

அப்புறம் நேராக 1974-க்குத் தாவுங்கள். 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாலரை நிமிடம் வாக்கில் குரல் நின்று, பாஸ் கிட்டார் தனியாக ஆரம்பிக்கும். அதன் ஒவ்வொரு சுற்றும் 13 எண்ணிக்கை. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரு கையில் 12 கணு, பதின்மூன்றாவதுக்கு உள்ளங்கையில் ஒரு தட்டு. நாலைந்து சுற்றில் கை பழகிவிடும். அதற்கு மேலே குழுவின் கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டி, மெதுவாக ஏறுவார். "அப்பா, பாட்டு மாட்டிக்கிச்சா?" என்று என் மகள் எட்டிப் பார்த்தாள். பொறுமையாக இருங்கள். டிரம்ஸ் கனத்துக்கொண்டே வந்து, பிறகு வேகம் பிடித்து, முடிவில் தொடக்கத்து மெட்டு சாக்ஸபோனில் திரும்பி வரும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் எண்ணியது. இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ஃபிரிப் குழுவையே கலைத்துவிட்டார்.

மூன்றாவது, 1981-இன் 'டிசிப்ளின்'. ஃபிரிப்பும் டிரம்மர் பில் புரூஃபோர்டும் மட்டுமே பழைய ஆட்கள். ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் இருவரும் அமெரிக்கர்கள். குழுவுக்கு முதலில் டிசிப்ளின் என்றே பெயர். பழைய பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. பழைய ஆல்பங்களில் வரும் மெலட்ரான் என்ற கீபோர்டின் சோக மேகம் எதுவும் இதில் கிடையாது. எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது, வேறு யாரோ வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

'ஃப்ரேம் பை ஃப்ரேம்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். 'தகிட தகதிமி' என்று ஏழு சொல்லிக்கொண்டே வந்தால் இரண்டு கிட்டாரும் சேர்ந்தே வரும். பிறகு ஒரு கிட்டார், இரண்டு ஏழு சேர்ந்த 14 சுரத்தில் ஒன்றை விட்டுவிட்டு 13 வாசிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் விலகி விலகிப் போய், மறுபடி ஒன்றுசேரும். இரண்டையும் சேர்த்து எண்ணப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பழகிய பின், 2014-க்குப் பிறகான மேடைப் பதிவுகளுக்குப் போகலாம். மூன்று டிரம்மர்கள் முன்வரிசையில், கிட்டார்காரர்கள் பின்னால். 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் அவர்கள் கடைசியாக வாசித்தது 'ஸ்டார்லெஸ்'தான். அந்த 13-க்கு இப்போது உங்கள் விரல் தானாகவே நகரும்.