கோலிக்குண்டு ஓட்டும் ரோலர் கோஸ்டர்

"அத்தை, அந்தச் சங்கிலி மேல ஏத்திவிட்டுட்டு நின்னுடுது. அப்புறம் யாரு தள்ளுறாங்க?" ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கியதும் அண்ணன் மகள் கேட்டாள். வாயால் பதில் சொல்லாமல் செய்து காட்டலாம் என்று கிளம்பினேன். நீங்களும் செய்யலாம்.

ஏசி மெக்கானிக் சாமான் விற்கும் கடையில் காப்பர் பைப்புக்கு மேல் போடுகிற கறுப்பு ஃபோம் குழாய் கிடைக்கும். கோலி தாராளமாக உருளும் அகலத்தில் ஆறடித் துண்டு இரண்டு வாங்குங்கள். நீளவாக்கில் பிளந்தால் நான்கு வாய்க்கால். பிளேடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு முனையை பீரோவில் டேப் போட்டு ஒட்டுங்கள், சுவரில் வேண்டாம். எங்கள் வீட்டில் டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வந்து, அண்ணியிடம் திட்டு வாங்கினேன்.

முதலில் பந்தயம். ஒரே அளவில் கண்ணாடிக் கோலி ஒன்று, சைக்கிள் கடை பால்ரஸ் (இரும்புக் குண்டு) ஒன்று. பக்கத்துப் பக்கத்து வாய்க்காலில் விட்டால் எது ஜெயிக்கும்? விடுவதற்கு முன் பிள்ளை தன் பதிலை எழுதியே ஆகவேண்டும். இவள் "இரும்பு" என்று எழுதினாள். இரண்டும் சேர்ந்தே வந்தன. கனமானதைப் பூமி அதிகமாக இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்துவதும் அதே அளவு கஷ்டம். ஆக, எடை கணக்கிலேயே வராது, உயரம்தான் வரும்.

அடுத்து வளையம். வாய்க்காலின் கீழ்ப்பகுதியை 20 செ.மீ. விட்டத்தில் நிற்கிற வளையமாக வளைத்தோம். உராய்வே இல்லாவிட்டால், ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 25 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் போதும், கோலி விழாமல் சுற்றிவிடும். விட்டோம், உச்சியிலிருந்து பொத்தென்று விழுந்தது. 30க்கும் விழுந்தது. 40க்குச் சுற்றியது. கோலி தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் கொஞ்சம் ஆற்றல் போகிறது, மெத்தென்ற ஃபோமும் கொஞ்சம் தின்கிறது. விழுகிற அந்த இரண்டு தடவையை அவசரப்பட்டுத் தவிர்த்துவிடாதீர்கள். அவள் உயரத்தைத் தானாக ஏற்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

இனி நிஜ ரயில். இறக்கத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 16ஆல் பெருக்குங்கள். வேகம் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். அமெரிக்காவில் ஒஹாயோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 2000இல் திறந்த மில்லேனியம் ஃபோர்ஸ் ரோலர் கோஸ்டருக்கு இறக்கம் சுமார் 91 மீட்டர். கணக்கு 153 என்கிறது, நிஜ வேகம் சுமார் 150. அந்த மூன்றைக் காற்றும் தண்டவாளமும் பிடுங்கிக்கொண்டன என்று வையுங்கள்.

கடைசியாக அபுதாபியின் ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டரைக் கொடுத்தேன். உயரம் 52 மீட்டர். பென்சிலைக் கடித்துக்கொண்டு 115 என்று போட்டாள். நிஜ வேகம் 240 என்றேன். "உங்க 16 தப்பு அத்தை!"

தப்பில்லை, அந்த ரயில் மேலிருந்து விழுந்து வேகம் எடுப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்து நின்றாள்.

"ரப்பர் பேண்ட் இருக்கா?"