அப்பத்தாவுக்கு மலமாற்று சிகிச்சை: போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

காரைக்குடி வீட்டில் பேச்சை எடுத்ததுமே, "அடுத்தவுக பீயவா எனக்குள்ள விடப்போறீக?" என்று அப்பத்தா வளவைவிட்டு எழுந்து போய்விட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. விஷயம் அதுதானே! நோயில்லாத ஒருவர் கொடுக்கும் மலத்தைக் குடலுக்குள் விட்டு, நல்ல பாக்டீரியாக்களை மறுபடி குடியேற்றுவதுதான் இது.

எல்லா வயிற்றுக்கோளாறுக்கும் இது இல்லை. ஆன்டிபயாட்டிக்கால் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமி பெருகி, மருந்து முடிந்ததும் பேதி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது கேளுங்கள். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மலமாற்று செய்துகொண்ட 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே நின்றுவிட்டது.

கொடையாளரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று மருத்துவரைக் குடைந்து கேளுங்கள். நான் நாலு தடவை கேட்டேன். மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி கொடையாளர் மலத்தில் இருந்ததால் அமெரிக்காவில் ஒருவர் இறந்தது 2019இல் வெளியே வந்தது. வீட்டு மிக்ஸியில் நாமே செய்யலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் குழாய் விடுவது) வழியாக என்றால் முந்தின நாள் பேதிமருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். கும்மாயமும் பணியாரமும் கண்ணில் படாமல் வையுங்கள். ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். உள்ளே விட்டபின் கூடுமானவரை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

சானிடைசருக்கு டிஃபிசில் கிருமியின் வித்துகள் சாகாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கழிவறைக்கு ப்ளீச். ஆத்தங்குடித் தளம் மங்கிவிடும் என்று அத்தை முனகினார், முனகட்டும்.