செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பழைய காரில் இக்னிஷன் பழுதைத் தேடும் முறை

பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடர்பு), கண்டென்சர் (பாயிண்ட்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் சிறு பாகம்), டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வைத்த பழைய பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பலரும் புது பிளக், புது காயில் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பார்கள். அது வீண் செலவு. கரண்ட் போகிற வழி இரண்டே துண்டுதான். பேட்டரியில் தொடங்கி இக்னிஷன் சுவிட்ச், காயில் (பேட்டரியின் வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் சுருள்), பாயிண்ட் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடம்புக்குப் போவது ஒரு துண்டு. காயிலின் நடு முனையில் தொடங்கி சென்டர் வயர், கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), ரோட்டார் (அதற்குள் சுற்றும் பாகம்), பிளக் வயர் வழியாக பிளக்குக்குப் போவது இன்னொன்று. பழுது எந்தத் துண்டில் என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஸ்பேனர், ரப்பர் பிடி போட்ட பிளையர், நல்ல நிலையில் உள்ள ஓர் உபரி பிளக் ஆகியவை போதும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்பார்க் சோதனையே வேண்டாம். காயிலிலிருந்து வருவது 15,000 வோல்ட்டுக்கும் மேல். வயரை வெறும் கையால் பிடிக்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

1. பேட்டரி

சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். செல்ஃபே கரண்ட்டை எல்லாம் இழுத்துக்கொண்டால் காயிலுக்கு மிச்சம் இருக்காது. இன்ஜின் சுற்றியும் பிடிக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

2. பிளக்கில் ஸ்பார்க்

ஒரு பிளக் வயரைக் கழற்றி, உபரி பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். நன்றாக அடித்தால் நேரே 6-க்குப் போங்கள்.

3. சென்டர் வயர்

கேப்பின் நடுவிலிருந்து காயில் வயரை உருவி, அதன் முனையை இன்ஜினிலிருந்து 5 மி.மீ. தள்ளி பிளையரால் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இங்கே ஸ்பார்க் வந்து பிளக்கில் வரவில்லை என்றால் பழுது கேப், ரோட்டார், பிளக் வயர் பக்கம். இங்கேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பாயிண்ட், கண்டென்சர், காயில் பக்கம். பிற்காலத்தில் பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்திய காரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், மாட்யூல் போய்விடும்.

4. ஸ்பார்க்கே இல்லை

சாவியை ஆன் செய்து காயிலின் ப்ளஸ்ஸில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்ச் அல்லது வயரிங். எரிந்தால், லேம்ப்பைக் காயிலின் மைனஸுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். லேம்ப் விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் எர்த்தைத் தொடவில்லை: முகத்தில் அழுக்கு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன எர்த் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது காயிலுக்குள் கம்பி அறுந்திருக்கிறது.

இப்போது கேப்பைக் கழற்றிப் பாயிண்ட்டின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் சரி. கருகியிருந்தால் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கிறது. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றிருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பொருத்தமான அளவு பெரும்பாலும் 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட். கண்டென்சர் திறந்துபோனால் பாயிண்ட் திறக்கும்போது தீப்பொறி பறக்கும், காயிலில் ஸ்பார்க் வலுவிழக்கும்.

புதுப் பாயிண்ட் மாட்டியும் வண்டி ஓடவில்லையா? துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் முகத்தில் அப்படியே இருக்கும். அதே போல, ஃபீலர் கேஜில் ஒட்டிய எண்ணெயும் பூசிக்கொள்ளும். பாயிண்ட்டைத் திறந்து, நடுவில் சுத்தமான வெள்ளை அட்டையை வைத்து மூடி, இழுத்து எடுங்கள். அழுக்கு அட்டையில் வந்துவிடும்.

இடைவெளியை அளக்க, பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் ஃபைபர் கட்டை, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உள்ள கேம் முனையின் உச்சியில் ஏறி நிற்கும்வரை இன்ஜினைச் சுற்றுங்கள். பொதுவாக 0.4 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவு. கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், அழுக்கு இன்னும் போகவில்லை.

காயிலை வயர்களைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். ப்ளஸ், மைனஸ் நடுவே சாதாரண காயிலில் சுமார் 3 ஓம், பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) வரும் காயிலில் சுமார் 1.5 ஓம். நடு முனைக்கும் ப்ளஸ்ஸுக்கும் நடுவே பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். சூடான பிறகு மட்டும் கைவிடும் காயில் குளிர்ந்த நிலையில் நல்ல அளவே காட்டும். சாவியை ஆன் செய்தபடியே விட்டுப் போகாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சுட்டுவிடும்.

5. கேப், ரோட்டார், வயர்

கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போலக் கருப்பு இழை தெரிகிறதா? அதுதான் கார்பன் டிராக். கரண்ட் அந்த வழியாக ஒழுகுகிறது. தேய்த்துத் துடைத்தாலும் திரும்ப வரும், கேப்பை மாற்றுங்கள். நடுவில் உள்ள கார்பன் குமிழ் ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் அசைய வேண்டும். ரோட்டாரைச் சோதிக்க, சென்டர் வயரை அதன் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, செல்ஃப் அடியுங்கள். தகட்டுக்குத் தொடர்ந்து ஸ்பார்க் பாய்ந்தால், ரோட்டார் ஷாஃப்டுக்கு ஒழுகுகிறது. ஈரம் மட்டும் என்றால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

6. ஸ்பார்க் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

கார்புரேட்டர் வழியாகத் திரும்ப வெடித்தால் பிளக் வயர் மாறியிருக்கலாம். சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1-3-4-2, சிலவற்றில் 1-2-4-3. பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் கழற்றிக் காயவைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வைத்து மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு: சாவியைத் திருகிப் பிடித்திருக்கும் வரை இன்ஜின் ஓடும், விட்டதும் நின்றுவிடும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு நேரடியாக முழு வோல்ட் போகிறது. விட்டபின் பாலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது சுவிட்ச்சின் ஆன் நிலைத் தொடர்பு தேய்ந்திருக்கலாம். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே ஓம் பாருங்கள். எதுவும் காட்டவில்லை என்றால் மாற்றுங்கள். அதைத் தாண்டி நேர் வயர் போட்டு ஓட்டாதீர்கள், பாயிண்ட்டும் காயிலும் சில நாளில் கருகும்.