ஒல்லாந்து வீட்டு ஓவியங்களைப் பார்க்கும் முறை

கொழும்பில் ஒல்லாந்தர் என்றதும் கோட்டை, வுல்வெண்டால் தேவாலயம், கறுவா வியாபாரம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். 1656இல் கொழும்பைப் பிடித்து 1796 வரை இங்கே இருந்தவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கப்பலேறினார்கள் என்று அறிய ஆசை இருந்தால், பதினேழாம் நூற்றாண்டில் அவர்களின் ஊரில் வரைந்த குடும்ப ஓவியங்களைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் இணையதளத்தில் பெரிய படங்களை இலவசமாகத் தருகிறது. போன் வேண்டாம், கணினித் திரையிலேயே பாருங்கள்.

முதலில் யான் ஸ்டேன் 1668இல் வரைந்த 'மகிழ்ச்சியான குடும்பம்'. முகங்களை விட்டுவிட்டு கைகளைப் பாருங்கள். அப்பாவின் கையில் உயர்த்திய மதுக் கிண்ணம், சிறுவர்களிடம் ஊதும் வாத்தியங்கள், ஒரு பிள்ளையிடம் நீளமான புகைக்குழாய். யார் யாரைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்பது அந்தக் கைகளிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மேலே அடுப்பு மாடத்தில் தொங்கும் கடதாசிக்கு வாருங்கள். பெரியவர்கள் பாடுவதைத்தான் சின்னவர்கள் ஊதுவார்கள் என்ற பழமொழி அதில் இருக்கிறது. நாம் தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

அதற்காக எல்லாப் படத்திலும் புத்திமதி தேடாதீர்கள். பீட்டர் டி ஹோக்கின் ஒரு படத்தில் ஒரு தாய் பிள்ளையின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்க்கிறாள், திறந்த கதவு வழியே பின்னறையில் வெளிச்சம் விழுகிறது, அவ்வளவுதான். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டு எங்கே மங்குகிறது என்று பின்தொடர்ந்தாலே படம் முழுவதையும் பார்த்துவிடுவீர்கள்.

குடியானவர் படங்களில் ஒரு கவனம் வேண்டும். அவற்றை வாங்கியவர்களில் பலர் நகரத்துக்காரர்கள். நாட்டுப்புறத்து ஆட்களைக் குடித்து அடிபடும் கூட்டமாகக் காட்டுவது அப்போது நன்றாக விலைபோனது. ஹார்லெம் ஊர் ஆத்ரியான் வான் ஒஸ்டாடவின் ஆரம்பப் படங்களும் அப்படித்தான். ஆனால் போகப் போக அவர் வரையும் விதம் மாறியது, 1647இல் அவர் செதுக்கிய 'குடும்பம்' அச்சுப்படத்தில் ஏழை வீடு ஒன்றை எவ்வளவு மரியாதையோடு பார்த்திருக்கிறார்! எனக்கு ஸ்டேனை விட இவர்தான் மனசுக்கு நெருக்கம். இவருடைய முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக வெர்மீரின் பால்காரப் பெண், சுமார் 1660. பாலையும் முகத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஆணி, பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள், கீழே தரையில் கால் சூடேற்றும் மரப்பெட்டி. இந்தப் படம் வெறும் 45.5க்கு 41 சென்டிமீட்டர்தான். முடிந்தால் ஒரு அச்சகத்தில் அதே அளவில் எடுத்து, உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வருகிற மாதிரி மாட்டிவையுங்கள். வீட்டுச் சுவருக்கென்று வரைந்தவற்றை அப்படிக் கிட்ட இருந்து பார்ப்பதுதான் சரி.