சிறும மதிப்பு எவ்வளவு என்பதோடு எங்கே என்பதையும் எழுதுங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. சார்பின் சிறும மதிப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் மாறி எந்த இடத்தில் நிற்கும்போது அது கிடைக்கிறது என்று எழுதமாட்டார்கள். ஒரே ஒரு சார்பு என்றால் தப்பித்துவிடலாம். இரண்டு சார்புகளை ஒப்பிடச் சொன்னால் மார்க் போவது இங்கேதான். முதலிலிருந்தே வருவோம். மாறியை ம என்றும் கோணத்தை அ என்றும் எழுதுகிறேன்.

இருபடிச் சார்பு சுலபம். ம² − 6ம + 11 என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறியை ஒதுக்கிவிட்டு 6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9, ஆகவே 11-ஐ 9 + 2 என்று பிரித்தால் (ம − 3)² + 2 என்று வந்துவிடும். வர்க்கம் சுழியத்துக்குக் கீழே இறங்காது, அதனால் சிறும மதிப்பு 2, கிடைக்கும் இடம் ம = 3. ம²-இன் கெழு குறை எண்ணாக இருந்தால் பரவளையம் கவிழ்ந்துவிடும், அப்போது பெருமம்தான் உண்டு, சிறுமம் கிடையாது. வினாவில் "ம 4 முதல் 7 வரை" என்று எல்லை கொடுத்திருந்தால் 3 அதற்குள் வராது; ஓரத்துக்குப் போய் ம = 4 போடுங்கள், 16 − 24 + 11 = 3, அதுதான் விடை.

அப்புறம் முக்கோணவியல். 3 சைன் அ + 4 காஸ் அ + 7 என்பதன் சிறும மதிப்பு என்ன? சைனும் காஸும் −1 வரை இறங்கும், எனவே −3 − 4 + 7 = 0 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எந்தக் கோணத்தில் என்று கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது, ஏனென்றால் சைன் −1 ஆகும் கோணத்தில் காஸ் சுழியமாகிவிடும், இரண்டும் ஒன்றாக −1 ஆகும் கோணமே இல்லை. சரியான வழி இது: 3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16, கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. அந்த 5-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 3/5, 4/5 என்று நிற்கும், மொத்தமும் 5 சைன்(அ + ஆ) என்று ஒரே சைனாகச் சுருங்கிவிடும் (இங்கே காஸ் ஆ = 3/5, சைன் ஆ = 4/5). ஒரே சைன் என்பதால் தயங்காமல் −1 வரை போகலாம்; சிறுமம் −5 + 7 = 2. இடம் சரிபார்க்க, சைன் அ = −3/5, காஸ் அ = −4/5 போட்டுப் பாருங்கள்: −9/5 − 16/5 = −5, பொருந்துகிறது. கோணம் 0 முதல் 90 பாகை வரை மட்டும் என்று சொல்லிவிட்டால் இந்த இடமும் எட்டாது, அங்கே சிறுமம் 90 பாகையில் கிடைக்கும் 3 + 7 = 10.

இரண்டும் கலந்து வருவதுதான் எனக்குப் பிடித்த வகை. சைன்² அ − 6 சைன் அ + 11. சைனை ம என்று வைத்தவுடன் மேலே பார்த்த அதே இருபடிச் சார்பு, உடனே 2 என்று கை எழுதப் போகும். நிறுத்துங்கள். 2 கிடைக்க ம = 3 ஆக வேண்டும், சைன் எப்படி 3 ஆகும்? ம இங்கே −1 முதல் 1 வரைதான் நகரும், 3-க்கு மிக அருகில் போகக்கூடியது 1, எனவே 1 − 6 + 11 = 6. ஆனால் சைன்² அ − சைன் அ + 1 என்று வந்தால் முனை 1/2-இல் இருக்கிறது, சைன் அதை எட்டும், அதனால் 30 பாகையிலும் 150 பாகையிலும் 3/4 தாராளமாகக் கிடைக்கும்.

இப்போது ஒப்பிடுவதற்கு வருவோம். ம² − 6ம + 11 = சைன் ம என்ற சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வு? இடப்பக்கத்தின் சிறுமம் 2, வலப்பக்கத்தின் பெருமம் 1, இரண்டும் சந்திக்கவே முடியாது, தீர்வு இல்லை. சிறுமத்தைச் சிறுமத்தோடு ஒப்பிட்டு இதைச் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். ஒன்றின் அடிமட்டத்தை மற்றதன் உச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். 11-ஐ 10 ஆக்கினால் இடப்பக்கச் சிறுமம் 1, வலப்பக்கப் பெருமமும் 1. தொட்டுவிட்டதா? இல்லை. இடப்பக்கம் 1 ஆவது ம = 3-இல், அங்கே சைன் ம சுமார் 0.141தான், எனவே இதற்கும் தீர்வு கிடையாது (ரேடியனில் போடுங்கள், கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 0.052 காட்டும்). 9 ஆக்கினால் கதை மாறுகிறது: ம = 3-இல் இடப்பக்கம் சுழியம், சைன் அதற்கு மேலே இருக்கிறது, இரண்டு பக்கமும் தள்ளிப் போகப் போகப் பரவளையம் ஏறி சைனைத் தாண்டிவிடுகிறது, எனவே இரண்டு தீர்வுகள், ஒன்று 2.06 அருகில், மற்றது 3.13 அருகில்.