மைனர் லீக் பேஸ்பால் அரங்குகள்: கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் 2017 ஏப்ரல் 13 அன்று டன்கின் டோனட்ஸ் பார்க் என்ற பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 6,100 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் ஹார்ட்ஃபோர்ட் யார்ட் கோட்ஸ் அணி ஆடிய முதல் சீசனுக்கே ஏறத்தாழ 3,95,000 டிக்கெட்டுகள் விற்றன. மறு ஆண்டு அந்த எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அதே ஆண்டுகளில், அரங்கைக் கட்ட வாங்கிய கடனின் தவணையில் பெரும்பகுதியை நகராட்சி தன் பொதுநிதியிலிருந்துதான் கட்டிவந்தது. அரங்கம் நிரம்பி வழிவதும், அதன் கடனை அதனால் அடைக்க முடியாமல் போவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இதை ஏற்க மறுப்பதிலிருந்துதான் இந்த அரங்குகளைப் பற்றிய பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன.

அவற்றில் முதன்மையானது, அணியின் கணக்கையும் நகரத்தின் கணக்கையும் ஒன்றாகப் பார்ப்பது. மைனர் லீக் அணிகளில் பெரும்பாலானவை, அமெரிக்க பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கின் அணி ஒன்றுக்காக இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் அணிகள். யார்ட் கோட்ஸின் தாய் அணி, மேஜர் லீக்கின் கொலராடோ ராக்கீஸ். வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்குமான சம்பளத்தைத் தாய் அணியே கொடுத்துவிடுவதால், உள்ளூர் உரிமையாளருக்கு அலுவலக ஊழியர் சம்பளம், பயணம், விளம்பரம், வாடகை போன்ற செலவுகளே மிஞ்சுகின்றன. டிக்கெட், உணவு, பீர், சுவர் விளம்பரம், தொப்பி, சட்டை ஆகியவற்றின் வருமானத்தில் பெரும்பங்கு அவரிடமே சேருகிறது. நகரத்துக்கு வருவது ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வாடகையும், எழுதியிருந்தால் வேறு சில பங்குகளும் மட்டுமே.

ஹார்ட்ஃபோர்டில் அந்த வாடகை ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் என்று பேசப்பட்டது. கடனுக்கான ஆண்டுத் தவணையோ 40 லட்சம் டாலருக்கும் அதிகம். நான்கு லட்சம் பார்வையாளர்களுக்கு இந்தத் தொகைகளைப் பகிர்ந்து பார்த்தால், வாடகையாக நகரத்துக்குக் கிடைப்பது தலைக்கு ஒன்றேகால் டாலர்; கடனுக்காகக் கிடைத்தாக வேண்டியது தலைக்குப் பத்து டாலருக்கு மேல். இருக்கைகள் அத்தனையும் ஆட்டந்தோறும் விற்றாலும், அந்த அளவுள்ள அரங்கில் ஒரு சீசனுக்குச் சுமார் எழுபது உள்ளூர் ஆட்டங்கள் என்ற கணக்கில், நாலேகால் லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல் விற்க இடமே இல்லை. ஆகவே கூட்டம் போதாததால் கடன் அடையவில்லை என்று சொல்வது இங்கே பொருந்தாது. ஒப்பந்தம் எழுதப்பட்ட விதத்தில், கூட்டத்தால் அந்தக் கடனை அடைக்கவே முடியாது. அரங்கைச் சுற்றி எழவிருந்த அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் கட்டும் சொத்துவரிதான் அதை அடைக்கும் என்பது தொடக்கத் திட்டம். கட்டுமானம் தாமதமாகி, 2016 சீசன் முழுவதும் அணி வெளியூர்களிலேயே ஆட நேர்ந்து, ஒப்பந்ததாரர் நீக்கப்பட்டு, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்ததால், அந்த மனைகள் நெடுங்காலம் வாகன நிறுத்துமிடங்களாகவே கிடந்தன.

இதே நகரத்தை வைத்து, இத்தகைய அரங்குகளை எதிர்ப்போர் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். 2017இல் ஹார்ட்ஃபோர்ட் திவாலின் விளிம்புக்குப் போனது. அடுத்த ஆண்டு மாநில அரசு அதன் கடன்களில் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைக் கட்டித் தர ஒப்புக்கொண்டது. அரங்கம்தான் நகரத்தைக் கவிழ்த்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். உண்மையில், தலைநகர் என்பதால் அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்து, நகரின் சொத்துகளில் ஏறத்தாழ பாதி வரிவிலக்குப் பெற்றவை. எஞ்சியவற்றின் மீது மாநிலத்திலேயே மிக உயர்ந்த சொத்துவரி விழுந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த கருவூலத்தின் மேல் அரங்கம் ஒரு கூடுதல் சுமையை ஏற்றியது என்பதே நியாயமான வாசகம்.

கூட்டத்தின் எண்ணிக்கையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவர அட்டையின் கடைசி வரிகளில் பார்வையாளர் எண்ணிக்கை இருக்கும். அது வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை அன்று. பொதுவாக, விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. சீசன் முழுவதற்கும் டிக்கெட் வாங்கிய நிறுவனங்களின் இருக்கைகள், ஏப்ரல் மாதக் குளிர் இரவில் ஒருவரும் வராமல் காலியாகக் கிடந்தாலும் அந்த எண்ணிக்கையில் அடங்கிவிடும். 5,000 என்று அறிவிக்கப்பட்ட ஆட்டத்துக்கு 3,200 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்: டிக்கெட் வருமானம் 5,000க்கானதாக இருக்கலாம், ஆனால் உணவும் பீரும் வாகன நிறுத்தக் கட்டணமும் 3,200 பேரிடமிருந்து மட்டுமே வரும். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்துகளில் அழைத்துவந்து காலை பதினொரு மணிக்கு நடத்தும் ஆட்டங்களில் அரங்கம் நிரம்பும், ஆனால் டிக்கெட் விலை மிகக் குறைவாக இருக்கும். மழையால் நின்ற ஆட்டத்தை மறுநாள் ஆட்டத்தோடு சேர்த்து, வழக்கமான ஒன்பதுக்குப் பதில் ஏழு இன்னிங்ஸ் கொண்ட இரண்டு ஆட்டங்களாக ஒரே டிக்கெட்டில் நடத்துவார்கள். அங்கே ஒரு நாளின் வசூல் அப்படியே போய்விடுகிறது. வசந்த காலத்தில் ஓயாது மழை பெய்யும் வடகிழக்கு மாநிலங்களில் இது சிறிய விஷயமல்ல.

அணி வென்றால் கூட்டம் பெருகும் என்ற நம்பிக்கையும் மைனர் லீக்கில் அவ்வளவாகச் செல்லாது. நன்றாக ஆடும் வீரனைத் தாய் அணி சீசன் நடுவிலேயே மேல்மட்டத்துக்கு அழைத்துக்கொள்ளும். வெள்ளி, சனி இரவு வாணவேடிக்கையும், பொம்மைப் பரிசுகளும், குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையும்தான் மக்களை வரவழைக்கின்றன.

முதல் ஆண்டின் எண்ணிக்கையை முப்பது ஆண்டுக்கும் நீட்டிப்பது இன்னொரு பெருந்தவறு. வட கரோலினாவின் சார்லட் நைட்ஸ் அணி, எல்லைக்கு அப்பால் தென் கரோலினாவின் ஃபோர்ட் மில்லில் ஆடிவந்த 2013இல் சுமார் இரண்டரை லட்சம் டிக்கெட்டுகளை விற்றது. 2014இல் நகரின் மையத்துப் புதிய அரங்குக்கு வந்ததும் 6,87,715 என்று மைனர் லீக் முழுவதிலும் முதலிடம் பிடித்தது. இடத்தேர்வு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. எனினும் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த உயரத்தை அணி மீண்டும் எட்டவில்லை. சார்லட் போன்ற வளரும் பெருநகரத்தில் சரிவு மெதுவாக இருந்தது. அட்லாண்டாவின் புறநகரான குவினெட்டில் 2009இல் சுமார் 6.4 கோடி டாலரில் எழுந்த அரங்கமோ, தாய் அணியான பிரேவ்ஸின் மைதானமே எளிதில் சென்றுவரும் தொலைவில் இருந்த நிலையில், சில ஆண்டுகளிலேயே, அங்கு ஆடும் அணி இடம்பெற்ற மைனர் லீக் பிரிவான இன்டர்நேஷனல் லீக்கின் பார்வையாளர் பட்டியலில் அடிமட்டத்துக்கு இறங்கியது. புதுப்படத்தின் முதல் வார வசூலைப் பார்த்து நூறாவது நாளை யாரும் கணிப்பதில்லை. கடன் பத்திரங்களை வெளியிடும் நகரமன்றத்துக்கும் அதே நிதானம் வேண்டும்.

நான்கு லட்சம் பேர் வந்து செலவிட்ட பணம் முழுவதையும் ஊருக்கு வந்த புதுப் பணம் என்று எழுதுவது, இத்துறையில் ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகள் அடிக்கடி செய்யும் பிழை. யார்ட் கோட்ஸ் வானத்திலிருந்து குதித்த அணியல்ல. சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள நியூ பிரிட்டனில் ராக் கேட்ஸ் என்ற பெயரில் ஆடிவந்த அணிதான் இடம்பெயர்ந்தது. மாநிலக் கண்ணோட்டத்தில் பார்த்தால், ஒரு ஊரில் விற்ற டிக்கெட் அடுத்த ஊரில் விற்கிறது. நகரவாசிகளே வந்திருந்தாலும், அந்த மாலையில் வேறொரு உணவகத்திலோ திரையரங்கிலோ அவர்கள் செலவிட்டிருக்கக்கூடிய பணம்தான் இங்கே வருகிறது. அதற்காக மைனர் லீக் அரங்குகளால் எந்தப் பயனும் இல்லை என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. பொருளியலாளர் நோலா ஆகா 2013இல் வெளியிட்ட ஆய்வு, மைனர் லீக்கின் படிநிலைகளில் சில மட்டத்து அணிகளும் அரங்குகளும் உள்ளூர் மக்களின் தனிநபர் வருமான உயர்வோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டது. மேஜர் லீக் அரங்குகளைப் பற்றிய ஆய்வுகளில் அரிதாகவே காணும் முடிவு அது. மட்டத்துக்கு மட்டம் விடை மாறுகிறது என்பதால், ஓர் ஊரின் வெற்றிக் கதையை இன்னோர் ஊரின் திட்ட அறிக்கையில் அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

அறிவிக்கும் செலவையே இறுதிச் செலவாகக் கொள்வதும் ஆபத்தானது. ஹார்ட்ஃபோர்டில் 5.6 கோடி டாலர் என்று தொடங்கியது 7.1 கோடியில் முடிந்தது. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 2021 மே மாதம் திறந்த போலார் பார்க், முதலில் பேசப்பட்ட தொகையை வெகுவாகக் கடந்து, ஏறத்தாழ 16 கோடி டாலரில் முடிந்தது. வட்டியை இந்தத் தொகைகளோடு யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

‘தனியார் பணத்தில் கட்டியது’ என்ற வாசகத்தையும் ஒருமுறை நின்று படிக்க வேண்டும். 2019இல் திறந்த லாஸ் வேகஸ் அரங்கை ஒரு தனியார் நிலமேம்பாட்டு நிறுவனம் சுமார் 15 கோடி டாலரில் கட்டியது. ஆனால் அதற்குப் பெயர் சூட்டும் உரிமையை 20 ஆண்டுகளுக்கு 8 கோடி டாலருக்கு வாங்கியது, விடுதி அறை வரியில் இயங்கும் பொது அமைப்பான சுற்றுலா ஆணையம். பணம் எந்தப் பெயரில் போனாலும் அது வரிப் பணமே.

இறுதியாக, அணி என்றென்றும் இருக்கும் என்று எண்ணுவது. நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் 1999இல் கட்டிய அரங்கில் ஆடிய பேர்ஸ் அணி 2013க்குப் பிறகு இல்லாமல் போய், 2019இல் அரங்கமும் இடிக்கப்பட்டது. அதே மாநிலத்தின் கேம்டனில் 2001இல் திறந்த அரங்கை அணி 2015உடன் விட்டுச் சென்றது, அதுவும் இடிபட்டது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் 1998 முதல் ஆடிய அணி 2017உடன் விடைபெற்ற பின், அரங்கம் இசை நிகழ்ச்சி அரங்காக மாற்றப்பட்டது. இவை மூன்றும் தாய் அணி இல்லாத, வீரர் சம்பளத்தையும் தாங்களே சுமந்த சுயேச்சை லீக் அணிகள் என்பதால் அவற்றின் நிலை இன்னும் பலவீனமாக இருந்தது உண்மைதான். ஆனால் தாய் அணி இருப்பதும் முழுப் பாதுகாப்பன்று: 2021 சீசனுக்கு முன் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 160 அணிகளாக இருந்ததை 120 ஆகக் குறைத்தது. எஞ்சிய அணிகளுக்கு உடைமாற்றும் அறைகள், பெண் ஊழியர்களுக்கான தனி அறைகள், மின்விளக்குகள், பயிற்சிக் கூடங்கள் என்று புதிய தரவிதிகள் வந்தன. அவற்றை நிறைவேற்றும் செலவுக்குப் பல ஊர்களில் அணிகள் நகராட்சியின் கதவையே தட்டின.

எனவே ஒரு புதிய அரங்கத்துக்கான குத்தகை ஒப்பந்தம் நகரமன்றத்தின் முன் வரும்போது, பெருஞ்செலவில் வரைந்த வண்ணப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று பிரிவுகளைத் தேடிப் படிக்க வேண்டும்: எதிர்பார்த்த வரி வராவிட்டால் பற்றாக்குறையை யார் ஈடுகட்டுவது, பதினைந்தாவது ஆண்டில் கூரையும் மின்விளக்கும் மாற்ற வேண்டியிருந்தால் யார் பொறுப்பு, கடன் முடிவதற்குள் அணி வெளியேறினால் எவ்வளவு கட்ட வேண்டும். இம்மூன்றுக்கும் எண்ணாலும் தேதியாலும் விடை எழுதப்படாத ஒப்பந்தத்தில், விடை சொல்லும் பொறுப்பு நகரத்தின் வரி செலுத்துவோர் மீதே விழும்.