கரண்ட் பில் பாக்கி என்று போன் வந்தால்: உண்மையா, மோசடியா என்று பார்க்கும் முறை

‘கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பைத் துண்டித்துவிடுவோம்’ என்று வரும் அழைப்பு உண்மையா பொய்யா என்பதை, பேசுகிறவரின் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் முடிந்தது. தட்டுத் தடுமாறிய தமிழில் பேசுவார்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே சாயம் வெளுத்துவிடும். இப்போது ‘அண்ணா, ஈ.பி. ஆபீஸிலிருந்து பேசுகிறேன்’ என்று நம் ஊர்க்காரர் போலவே ஆரம்பிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் மின்வாரிய முத்திரை முகப்புப் படமாக இருக்கும். பின்னணியில் தட்டச்சு சத்தம்கூடக் கேட்கும்.

அதனால் ஆளைச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். பாக்கி இருக்கிறதா என்பதை நீங்களே தனியாகப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான வழிதான்.

காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்ப வேலைகளும். ‘இது நிஜமா பார் தம்பி’ என்று போனை நீட்டாதவர்கள் குறைவு. பாலக்கோட்டில் என் பெரியப்பாவுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தபோது அவருக்காக உட்கார்ந்து சரிபார்த்த முறையைத்தான் எழுதுகிறேன். யுபிஐ-யில் பணம் அனுப்பவும், உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கண்டுபிடிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

படி 1: போனை வைத்துவிடுங்கள்

‘பார்த்துவிட்டுக் கட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். உண்மையான அலுவலராக இருந்தால் ‘சரி, கட்டிவிடுங்கள்’ என்பார். வேலை முடிந்தது. வைக்க விடாமல் ‘லைனிலேயே இருங்கள்’ என்று வற்புறுத்தினால் உடனே வைக்க அதுவே போதுமான காரணம். பேசி மடக்கிப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அவர்களுக்கு அது தினசரித் தொழில்.

படி 2: மின் அட்டையை எடுங்கள்

நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. ஆனால் ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் குறுஞ்செய்தியைப் பாருங்கள்: ‘உங்கள் சென்ற மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்’. மாதாமாதம் பில் வருகிற ஏதோ ஒரு மாநிலத்துக்காக எழுதியதை அப்படியே நமக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நமக்கு ஏது சென்ற மாத பில்?

அட்டையில் கடைசியாகக் கணக்கெடுத்த தேதியைப் பாருங்கள். அந்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் இருந்தால், யார் மிரட்டினாலும் துண்டிக்கும் பேச்சுக்கே இடமில்லை. அவகாசம் தாண்டியிருந்தாலும் இரவு ஒன்பதரைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து யாரும் ஃபியூஸைப் பிடுங்குவதில்லை.

இன்னொன்று. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாதது. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடுகிற வீடுகளில் கட்ட வேண்டிய தொகையே இருக்காது. பெரியப்பாவிடம் கேட்டது தோட்டத்து மோட்டார் இணைப்புக்கு! இலவச விவசாய இணைப்புக்கு ‘மூன்று மாத பில் நிலுவை’ என்றானாம் அந்த ஆள். தக்காளி விலை போகிற போக்கில் எந்தப் பாக்கியைச் சொன்னாலும் நம்பும் மனநிலையில்தான் அவர் அன்று இருந்தார்.

படி 3: ‘என் பெயர், இணைப்பு எண், தொகை எல்லாம் சரியாகச் சொன்னாரே?’

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். எனக்கும் இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரியப்பாவுக்கு முதல் அழைப்பு மோட்டாருக்கு வந்தது என்றேன் அல்லவா, இரண்டாவது அழைப்பு வீட்டு இணைப்புக்கு வந்தது. இம்முறை வேறு ஆள். இணைப்பு எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொன்னார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொன்னார். அது பெரியப்பாவின் அப்பா பெயர், என் தாத்தா, காலமாகிப் பல வருடம் ஆகிறது. பெயர் மாற்றாமலே விட்டிருக்கிறார்கள். ‘செத்துப்போனவர் பெயர் ஆபீஸைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?’ என்று பெரியப்பா என்னையே திருப்பிக் கேட்டார். தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் சரி.

விடை என் கடை மேசையிலேயே இருந்தது. பணம் செலுத்தும் எந்தச் செயலியையும் திறந்து, மின்சாரம் என்ற பகுதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, யாருடைய இணைப்பு எண்ணை அடித்தாலும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு கட்ட வேண்டும் என்று திரையில் வந்து நிற்கும். கடவுச்சொல் வேண்டாம், உங்கள் அனுமதியும் வேண்டாம். பிள்ளைகள் வெளியூரிலிருந்து பெற்றோருக்குக் கட்ட வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது. அந்த வசதி இவர்களுக்கும் கிடைத்துவிட்டது.

சரி, இணைப்பு எண் எப்படிக் கிடைக்கிறது? மின் அட்டையை நாம் எங்கெல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சிலிண்டர் இணைப்புக்கு, கடனுக்கு, முகவரிச் சான்றுக்கு. 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது என் கடை வாசலில் வரிசை நின்றது. அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பி ‘இணைத்துத் தாருங்கள்’ என்றவர்கள் எத்தனையோ பேர். எந்தத் தாள் எந்தக் கைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக, விவரங்கள் சரியாக இருப்பது எதற்கும் சான்றில்லை. பாக்கி உண்மையாகவே இருக்கலாம். கேட்கிறவர் அப்போதும் திருடராக இருக்கலாம். பெரியப்பா வீட்டுக் கதையில் அதுதான் நடந்தது: பாக்கி நிஜம், ஆள் பொய்.

படி 4: உங்கள் வழியில் போய்க் கட்டுங்கள்

பாக்கி இருந்தால் மூன்று வழி. மின்வாரியத்தின் சொந்தச் செயலி அல்லது இணையதளம், உங்கள் யுபிஐ செயலியின் பில் பகுதி, பிரிவு அலுவலகக் கவுண்டர். எனக்குப் பிடித்தது இரண்டாவது. இணைப்பு எண்ணை ஒருமுறை சேமித்துவிட்டால் அடுத்த பில் வந்ததும் அதுவே நினைவூட்டும். அப்புறம் யார் போன் செய்து நினைவூட்டினாலும் நமக்குத் தேவையில்லை. பெரியவர்களுக்குக் கவுண்டரே நல்லது என்பேன். ரசீது கையில் இருக்கும், நாலு பேரைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

ரகசிய எண்ணை அடிக்கும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பில் பகுதி வழியாகப் போனால் மின்வாரியத்தின் பெயரும் உங்கள் இணைப்பு எண்ணும் இருக்கும். அவர்கள் தந்த எண்ணுக்கோ க்யூஆர் கோடுக்கோ அனுப்பப் போனால் யாரோ ஒரு தனிநபரின் பெயர் வரும். ‘அது எங்கள் கேஷியர் பெயர்’ என்று சமாளிப்பார்கள். மின்வாரியக் கேஷியர் தன் சொந்தக் கணக்கில் பில் வசூலிப்பதில்லை.

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் மதிப்பில்லை. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் பதிந்து வைத்தவை. ‘ஈ.பி. ஆபீஸ்’ என்று நாலு பேர் பதிந்தால் அப்படித்தான் காட்டும். உண்மையான லைன்மேனின் எண்ணை யாரோ கோபத்தில் ‘மோசடி’ என்று குறித்து வைத்திருப்பதும் உண்டு.

படி 5: ‘பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்’

பத்து ரூபாய்க்கு யார் ஏமாற்றுவார்கள் என்று நாம் நினைப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்து ரூபாய் ஒரு சாக்கு. ஒன்று, அனுப்பிய லிங்க்கில் உங்கள் வங்கி அட்டை விவரத்தை அடிக்க வைப்பார்கள். அல்லது ‘அப்டேட் செய்ய ஒரு செயலி அனுப்பியிருக்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வரும். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகள் அங்கேயும் போகும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைபகிர்வுச் செயலிகளை நிறுவச் சொல்வதும் உண்டு. அவை நல்ல செயலிகள்தான், கணினி பழுதுபார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் திரையை யார் பார்க்கிறார் என்பதுதான் பிரச்சினை.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் தேடும் இடத்தில் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்று தேடுங்கள், போனுக்குப் போன் சொற்கள் சற்று மாறும். அதில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி அணைந்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் பாருங்கள்.

கடன் தவணை, கிரெடிட் கார்டு அழைப்புகள்

இவை வேறு வகை. இங்கே உண்மையான அழைப்புகள் நிறையவே வரும். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் வண்டிக்கடன் வசூலிக்கும் பையன் தன் சொந்தக் கைப்பேசியிலிருந்தே கூப்பிடுவான், அவனும் உண்மையானவனாக இருக்கக்கூடும். எண் 1600 இல்லை என்பதால் மட்டும் மோசடி என்று முடிவு கட்டிவிட்டுத் தவணையைக் கோட்டை விடாதீர்கள். நிறுவனத்தின் செயலியிலோ கிளையிலோ பாக்கியைப் பார்த்து அங்கேயே கட்டுங்கள். அந்தப் பையனின் யுபிஐ-க்கு அனுப்பாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தவணைக்காக அழைக்கக் கூடாது என்ற விதியும் 2022 முதல் இருக்கிறது.

குறுஞ்செய்தியில் இன்னும் எளிது. நிறுவனங்களின் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துத் தலைப்பில் வரும். 2025 மே முதல் அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரத்துக்கு ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசுச் செய்திக்கு ‘ஜி’. சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து ‘மின்வாரியம்’ செய்தி அனுப்பினால் படிக்கக்கூட வேண்டாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து பல கணக்குகளுக்குச் சிதறும். சிதறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். அழைக்கும்போது வங்கிக் கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ-யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். அவமானமாக இருக்கிறது என்று அவர்கள் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சைபர் குற்றக் காவல் நிலையம் உண்டு. சில நாள் கழித்து ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று ஒருவர் அழைத்தால், அவரும் அதே கூட்டம்தான்.

பணம் போகவில்லை, வெறும் முயற்சிதான் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

பிற்சேர்க்கை 1: பர்கூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். போனை வைத்துவிட்டு, சரிபார்ப்பதற்காக மின்வாரிய உதவி எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். அங்கேயும் ஒரு மோசடிக்காரர் காத்திருந்தார். தேடுபொறியில் யார் வேண்டுமானாலும் எண்ணை ஏற்றி வைக்கலாம். 2021 ஜூனில் தொடங்கிய மின்வாரியத்தின் மின்னகம் என்ற உதவி மையத்தின் எண் 94987 94987. ஐந்து இலக்கம் இரண்டு முறை, அவ்வளவுதான். 24 மணி நேரமும் எடுப்பார்கள். வங்கி எண் என்றால் ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது மட்டும்.

பிற்சேர்க்கை 2: தேன்கனிக்கோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: ‘அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, அப்படியானால் பயமில்லையா?’ செயலி நிறுவும் ஆபத்து இல்லை. ஆனால் ஓடிபி-யைக் கேட்டு வாங்கும் ஆபத்து அப்படியே இருக்கிறது. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி, அம்மாவுக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் தந்திரமும் உண்டு. அழுத்திவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ##002# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். எல்லாத் திருப்பல்களும் நீங்கியதாகத் திரையில் செய்தி வரும். வராவிட்டால் சிம் நிறுவனத்தின் கடைக்குப் போனைக் கொண்டுபோய் நீக்கச் சொல்லுங்கள்.